டயட் சோடா, இனிப்பு மாத்திரை, சீனி வருத்தம்: தோட்டத்து வீட்டுக்கு எது ஒத்து வரும்?

டிக்கோயா_கொழுந்து

எங்க தேயிலைத் தோட்டத்து டிவிஷன் மாதர் சங்கத்துக்கு ஒரு பக்க அறிவித்தல் எழுதணும். கிளினிக்கில "சீனியை நிப்பாட்டுங்க" என்று சொன்ன பிறகு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போறாங்க. சிலர் டவுனில சீனி இல்லாத 'ஸீரோ' சோடாப் போத்தல் வாங்குறாங்க. சிலர் பார்மசியில சீனிக்குப் பதிலாப் போடுற இனிப்பு மாத்திரை டப்பா வாங்குறாங்க. மாத்திரையில கேன்சர் வரும் என்று யாரோ சொன்னதும் அதைத் தூக்கிப் போட்டுட்டு கித்துள் கருப்பட்டியைக் கடிச்சுக்கிட்டு பிளேன்டீ குடிக்கிறவங்களும் இருக்காங்க. தீபாவளி வேற வருது.

எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, கொதிக்கிற தேத்தண்ணியில போடலாமா, போத்தல்ல எதைப் பார்க்கணும், யார் தொடவே கூடாது? தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க. பொதுவா "குறைச்சுக் குடிங்க" என்று எழுதினா யாருக்கும் பிரயோசனமில்ல.

போசணை_ஹட்டன்

தங்கச்சி, அறிவித்தலை சோடாவில தொடங்காதீங்க, தேத்தண்ணியில தொடங்குங்க. மலைநாட்டில சீனி உள்ளே போற பெரிய வழி அதுதான்.

கணக்கைப் பாருங்க. கத்தி முதுகால தட்டி மட்டமாக்கின ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். நம்ம வீடுகளில போடுறது குவிச்ச கரண்டி, அது 6 கிராம், சில நேரம் 7. விடிய எழும்பினதும் ஒண்ணு, மலைக்குப் போறதுக்கு முன்ன ஒண்ணு, பத்து மணிக்கு, பகல் சாப்பாட்டோட, வேலை விட்டு வந்து ஒண்ணு. ஐந்து கோப்பை, கோப்பைக்கு குவிச்ச கரண்டி இரண்டு என்றால் ஒரு நாளைக்கு 60 கிராம். கலோரியில 240. மாசத்துக்கு 1.8 கிலோ சீனி, ஒரே ஆளுக்கு, தேத்தண்ணியில மட்டும். 2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு சேர்க்கப்படுற சீனி 50 கிராமுக்குள்ள நிக்கணும், 25க்குள்ள இருந்தா இன்னும் நல்லது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அது சீனி வருத்தம் (நீரிழிவு) இல்லாத ஆளுக்கும் சேர்த்துச் சொன்ன அளவு.

இனி சோடாவைப் பாருங்க. வாரத்துக்கு ஒரு தடவை 400 மில்லி இனிப்புச் சோடா குடிச்சா 40 கிராமுக்குக் கொஞ்சம் மேல. அதே வாரத்தில தேத்தண்ணியில போனது 420 கிராம். சோடாவை ஸீரோவுக்கு மாத்திட்டு தேத்தண்ணியை அப்படியே வச்சிருந்தா எப்.பி.எஸ் (வெறும் வயித்தில பார்க்கிற இரத்தச் சீனி) எப்படி இறங்கும்? தினமும் சோடா குடிக்கிற இளம் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் கணக்கு வேற. அங்க ஸீரோவுக்கு மாறினா உடனே வித்தியாசம் தெரியும்.

பதுளை_பார்மசி

மாத்திரை வகையை நான் சொல்றேன். டப்பாவில பேர் எதுவா இருந்தாலும் பின்பக்கம் சின்ன எழுத்தில இருக்கிற எண்ணைப் பாருங்க. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவங்களும் எண்ணை வாசிப்பாங்க. அறிவித்தல்ல இதைக் கட்டாயம் போடுங்க: 950 அசெசல்பேம், 951 அஸ்பார்டேம், 954 சக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. இவை இரத்தத்தில சீனியை ஏத்தாது. 420 சோர்பிட்டோல், 965 மால்டிட்டோல் வேற சாதி, அதைப் பிறகு சொல்றேன்.

அஸ்பார்டேம் சீனியை விட ஏறக்குறைய 200 மடங்கு இனிப்பு. சுக்ரலோஸ் 600 மடங்கு. சக்கரின் 300, 400 மடங்கு. அதனாலதான் ஒரு மாத்திரையில உள்ள மருந்து, அதாவது இனிப்புப் பொருள், இவ்வளவு கொஞ்சம். ஒரு தேக்கரண்டிச் சீனிக்குச் சமமா அஸ்பார்டேம் என்றால் 20 மில்லிகிராம், சக்கரின் என்றால் 12 அளவில, சுக்ரலோஸ் என்றால் 6, 7.

ஆயுள் முழுக்க ஒவ்வொரு நாளும் எடுத்தாலும் பாதுகாப்பு என்று சர்வதேச நிபுணர் குழு வச்சிருக்கிற உச்ச அளவு உடம்பு நிறை ஒரு கிலோவுக்கு அஸ்பார்டேம் 40 மில்லிகிராம், சுக்ரலோஸ் 15, சக்கரின் 5. கொழுந்தெடுக்கிற அக்காமார் பலரும் 50 கிலோ பக்கம்தான், அதை வச்சே போடுவோம். அஸ்பார்டேம் 2000 மில்லிகிராம், அதாவது 100 மாத்திரை. சுக்ரலோஸும் 100க்கு மேல. சக்கரின் 250 மில்லிகிராம்தான், அது 20 மாத்திரை. வித்தியாசத்தைக் கவனியுங்க. சக்கரின்தான் இருக்கிறதில மலிவு, கசப்பு கலந்த உலோக ருசியும் அதுக்குத்தான். ஒரு கோப்பைக்கு மூணு போட்டு ஏழு கோப்பை குடிக்கிறவர் அளவைத் தாண்டிருவார். மற்ற இரண்டிலயும் தோட்டத்து வழக்கத்துக்கு அந்த எல்லைக்குக் கிட்டப் போக வழியே இல்ல.

இன்னொரு விஷயம். மாத்திரை இல்லாம சின்ன பெக்கட்டில தூளா வர்றதுல மருந்து கொஞ்சம்தான், மிச்சம் டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின். ஒரு கிராம் பெக்கட்டில ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவா மாவுச்சத்து இருக்கு. நாளைக்கு மூணு நாலு என்றால் கணக்கில எடுக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு போறவர் மாத்திரைக்கு மாறட்டும், காசும் மிச்சம்.

தலவாக்கலை_சில்லறைக்கடை

போத்தல் வாங்குறவங்களுக்கு நான் ஒண்ணு சொல்றேன். இலங்கையில 2016ல வந்த விதிப்படி சோடாவுக்கும் பழப்பானத்துக்கும் நிற வட்டம் போடணும். 100 மில்லியில 11 கிராமுக்கு மேல சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை என்றால் மஞ்சள், 2க்குக் கீழ என்றால் பச்சை. வட்டத்தோடயே எத்தனை கிராம் என்று இலக்கமும் இருக்கும். சீனி வருத்தக்காரர் பச்சையை எடுக்கட்டும், அவசரத்துக்கு மஞ்சள் பரவாயில்ல. இது போதும்தானே?

கொட்டகலை_கிளினிக்_மிஸ்

அண்ணே, மஞ்சள் பரவாயில்ல என்று மட்டும் எழுத வேணாம். மஞ்சள் என்பது 2 கிராமும்தான், 10.9 கிராமும்தான். 10.9 கிராம் உள்ள 400 மில்லி போத்தல்ல 43 கிராம் சீனி, மட்டமான கரண்டியில பத்துக்கு மேல. நிறம் போதாது, இலக்கத்தைப் பார்க்கணும். அந்த இலக்கம் 100 மில்லிக்கு என்றபடியால் போத்தலோட அளவால பெருக்கணும்: 400 மில்லி என்றால் நாலு மடங்கு, ஒன்றரை லீட்டர் என்றால் பதினஞ்சு மடங்கு.

2017 கடைசியில சோடாவில உள்ள சீனிக்கு கிராம் கணக்கில வரி போட்டாங்க. அதுக்குப் பிறகு சீனியைக் குறைச்சு, குறைஞ்ச இனிப்பை 950, 955 போட்டு நிரப்பின பானங்கள் கூடிப் போச்சு. அப்போ ஒரே போத்தல்ல சீனியும் இருக்கு, இனிப்புப் பொருளும் இருக்கு. "மாத்திரை இனிப்புப் போட்டிருக்கு, எனக்குச் சரி" என்று குடிக்கிறவர் 100 மில்லிக்கு 5, 6 கிராம் சீனியும் சேர்த்தே குடிக்கிறார். 955 என்ற எண் இருந்தா சீனி இல்லை என்று அர்த்தமில்ல.

இதுல இன்னும் பெரிய ஆபத்து மற்றப் பக்கம் இருக்கு. சீனி இறங்கி மயங்கிப் போறவருக்கு சோடா குடுக்கிற வழக்கம் எல்லா வீட்டிலயும் இருக்கு. இன்சுலின் அடிக்கிறவங்க, கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் என்ற சீனி வருத்த மாத்திரை குடிக்கிறவங்க காலையில மாத்திரையைப் போட்டுட்டு, ரொட்டியைப் பாதியில வச்சுட்டு, செங்குத்தான மலையில ஏறி, பகல் சாப்பாடு பிந்தினா சீனி 70க்குக் கீழ இறங்கும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண் மங்கல், காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல். அப்போ 15 கிராம் சீனி உடனே உள்ளே போகணும். சிவப்பு வட்டச் சோடாவில அது கிட்டத்தட்ட 140 மில்லி, முக்கால் கோப்பை. 6 கிராம் உள்ள மஞ்சளில 250 மில்லி. 3 கிராம் உள்ள மஞ்சளில அரை லீட்டர், மயக்கத்தில இருக்கிற ஆள் அதைக் குடிச்சு முடிக்கவே மாட்டார். ஸீரோவில எவ்வளவு குடிச்சாலும் ஒண்ணும் நடக்காது. வீட்டில ஸீரோ போத்தல் மட்டும் இருந்து, பக்கத்து வீட்டுக்காரர் பதட்டத்தில அதையே எடுத்துக் குடுத்தா நேரம்தான் வீணாகும்.

அதனால சோடாவை நம்ப வேணாம். மட்டமா நாலு தேக்கரண்டிச் சீனி, அரைக் கோப்பைத் தண்ணியில கரைச்சுக் குடுங்க. 15 நிமிஷம் இருங்க. மீட்டர் இருந்தா பாருங்க, இல்லாட்டி அறிகுறி போச்சா என்று பாருங்க. போகல்லையா, இன்னொரு தடவை அதே அளவு. சரியானதும் ரொட்டி அல்லது பிஸ்கட் குடுக்கணும், இல்லாட்டி மறுபடி இறங்கும். சொக்லேட் வேணாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுறதைப் பிந்தப் பண்ணும். நினைவில்லாத ஆளுடைய வாயில எதையும் ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு 1990 அம்புலன்சுக்கு எடுங்க.

பதுளை_பார்மசி

மிஸ் சொன்னதோட ஒரு சின்னச் சேர்ப்பு. அகார்போஸ் குடிக்கிறவர் என்றால் சாதாரணச் சீனி சரியா வேலை செய்யாது. அந்த மருந்து சீனி உடையுறதையே தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ் தூள்தான் குடுக்கணும். மெட்போமின் மட்டும் குடிக்கிறவருக்கு இப்படி இறங்குறது அரிது.

குளுக்கோஸ் பெக்கட்டைப் பற்றியும் எழுதுங்க. வேலைக் களைப்புக்குத் தெம்பு என்று தண்ணியில கரைச்சுக் குடிக்கிற பழக்கம் இருக்கு. சீனி வருத்தக்காரருக்கு அது இறங்கின நேரத்துக்குரிய மருந்து. தினப் பானமாக்கக் கூடாது.

பசறை_வாசகன்

கேன்சர் விஷயத்தை யாரும் சொல்லல்லையே? ஆட்கள் முதல்ல கேட்கிறது அதைத்தான்.

போசணை_ஹட்டன்

2023 ஜூலையில உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமை 2பி என்ற பிரிவில போட்டது. "மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும், சான்று மட்டுப்படுத்தப்பட்டது" என்பது அந்தப் பிரிவின் பொருள். எவ்வளவு குடிச்சா எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் பிரிவு சொல்லாது. ஆபத்தின் அளவைப் பார்க்கிற வேற குழு அதே நாள்ல தன் முடிவைச் சொன்னது: கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற எல்லையை மாத்தக் காரணமில்ல. 70 கிலோ ஆள் அந்த எல்லையைத் தாண்ட, ஒரு கேனில 200 முதல் 300 மில்லிகிராம் உள்ள டயட் பானத்தை நாளைக்கு 9 முதல் 14 கேன் குடிக்கணும். நம்ம 50 கிலோ கணக்கில 7 முதல் 10 கேன்.

இந்தப் பயத்தில ஒருவர் மாத்திரையை விட்டுட்டு 60 கிராம் சீனிக்குத் திரும்பினா, நிச்சயமில்லாத ஒரு ஆபத்துக்குப் பயந்து நிச்சயமான ஒண்ணுக்குள்ள போறார். கண், சிறுநீரகம், கால் மூன்றையும் கெடுக்கிறது கட்டுப்படாத சீனி. அது சந்தேகத்துக்கு இடமில்லாம நிறுவப்பட்ட விஷயம். மாத்திரையில பயம் தீராதவர் 955க்கோ 960க்கோ மாறட்டும். ஆனா சீனிக்குத் திரும்ப வேணாம்.

பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர் மட்டும் 951ஐத் தொடவே கூடாது.

டீமேக்கர்_மஸ்கெலியா

மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். தேத்தண்ணிக்கு ஏன் இவ்வளவு சீனி தேவைப்படுது என்று பாருங்க. வீடுகளில இருக்கிறது அநேகமா டஸ்ட் தூள். துகள் சின்னது, சாயம் வேகமா இறங்கும். அதைக் கேத்தல்ல போட்டு அடுப்பில கொதிக்க விடுறாங்க, பிறகு சூடு ஆறாம அப்படியே வைக்கிறாங்க. துவர்ப்பும் கசப்பும் கூடிக்கிட்டே போகும். அந்தக் கசப்பை அடக்கத்தான் இரண்டாவது கரண்டி சீனி.

இப்படிப் போடுங்க. தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அடுப்பை நிப்பாட்டுங்க. 200 மில்லி கோப்பைக்கு மட்டமான ஒரு தேக்கரண்டித் தூள், 2 கிராம் அளவு. மூடி வச்சு மூணு நிமிஷம், டஸ்ட் என்றால் இரண்டரையே போதும். உடனே வடிச்சு, தூளைத் தண்ணியில இருந்து பிரிச்சிருங்க. நுவரெலியாப் பக்கம் 1,800 மீட்டருக்கு மேல தண்ணி 94 பாகையிலயே கொதிச்சிரும், அதனால அங்க மூணு நிமிஷம் முழுசா விடலாம். கீழ பசறை, பதுளைப் பக்கம் நேரத்தைக் குறைக்கணும். தட்டின இஞ்சித் துண்டு ஒண்ணு, ஏலக்காய் ஒண்ணு தூளோட சேர்த்தா இனிப்பில்லாத குறை பாதி போகும். இப்படிப் போட்ட சாயத்துக்கு அரைக் கரண்டி குறைச்சாலும் நாக்கு கேட்காது.

மலைக்குப் பிளாஸ்கில கொண்டு போறவங்களுக்கு இன்னொண்ணு. 951 மாத்திரையைக் காலையிலயே பிளாஸ்கில போட்டு மூடினா, பல மணி நேரம் சூட்டில இருந்து அது உடையும், பகலுக்கு இனிப்புக் குறையும். விஷமாகிறதில்ல, இனிப்புத்தான் போகும். இனிப்புக் காணல்லையே என்று அடுத்த நாள் இரண்டு மாத்திரை கூடப் போடுவாங்க. மாத்திரையைத் தனியா எடுத்துட்டுப் போய், மூடியில ஊத்தின பிறகு போடுங்க. கோப்பையில ஊத்தின சூட்டுத் தேத்தண்ணியில போட்டு உடனே குடிச்சா எந்தப் பிரச்சினையும் இல்ல. 955, 954 சூட்டுக்கு நிக்கும்.

டிக்கோயா_கொழுந்து

ரொம்ப நன்றி அண்ணே, இதை அப்படியே எழுதப் போறேன். கித்துள் கருப்பட்டி, தேன், சிவப்புச் சீனி, டின் பால் இதுக்கும் ஒரு வரி சொல்லுங்க.

போசணை_ஹட்டன்

சிவப்புச் சீனி ஒரு தேக்கரண்டி 4 கிராம், வெள்ளைச் சீனியும் 4 கிராம். இரத்தத்தில இரண்டும் ஒரே மாதிரி ஏறும். தேனில 100 கிராமுக்கு 80 கிராம் அளவில சீனி. கித்துள் கருப்பட்டியில பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது அதே சீனிதான். பிளேன்டீயோட கடிக்கிற ஒரு துண்டு 10 கிராம் நிறை வரும், அதில 8 கிராம் அளவில சீனி. கோப்பைக்குள்ள போட்டிருந்தா இரண்டு கரண்டி என்று கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும், கையில இருக்கிறதால கணக்கில வர்றதில்ல. கருப்பட்டி "சுகரை ஏத்தாது" என்று சொல்லி விக்கிறவரை நம்ப வேணாம், மீட்டரை நம்புங்க.

டின் பால் இதைவிட மோசம். அதில பாதிக்கு மேல சீனி, பாலோட சொந்தச் சீனியும் சேர்த்து. ஒரு மேசைக்கரண்டி 20 கிராம் என்றால் 11 கிராம் சீனி. பால்மாவில வெளிச் சீனி இல்லை, ஆனால் 20 கிராம் பால்மாவில 7, 8 கிராம் லக்டோஸ் இருக்கு. நாளைக்கு ஒரு பால் தேத்தண்ணி சரி, மிச்சத்தைப் பிளேன்டீயாக்குங்க. தேயிலை, பால்மா, சீனி மூன்றும் கலந்து பெக்கட்டில வர்ற உடனடித் தேத்தண்ணித் தூளில சீனிதான் முதல் பொருளாக இருக்கும், பின்பக்கம் வாசிச்சுப் பாருங்க.

செவ்விளநீரும் கேள்விக்கு வரும். 100 மில்லிக்கு 4, 5 கிராம், ஒரு காயில ஏறக்குறைய 20 கிராம். மருந்து என்று நினைச்சுக் குடிக்கிறாங்க, அரைக் காயோட நிப்பாட்டணும். சிறுநீரகம் பாதிச்சவர் பொட்டாசியம் காரணமா தொடவே வேணாம்.

வெலிமடை_சமையல்

தீபாவளிப் பலகாரம். இதில ஆட்கள் காசைக் கரியாக்குறதைப் பார்க்க மனசு கேட்காது, அதனால நீளமாவே எழுதுறேன்.

லட்டு, அதிரசம், தொதலுக்கு மாத்திரை ஒத்து வராது. சீனி அங்க இனிப்புக்கு மட்டும் இல்லை. பாகு பதத்துக்கு வந்து மாவைப் பிடிச்சு நிறுத்துறது, நிறம் குடுக்கிறது, ஈரத்தைப் பிடிச்சு வச்சுக் கெடாமல் காக்கிறது எல்லாம் சீனிதான். 200 கிராம் சீனி போற இடத்தில ஒரு கிராமுக்கு மேல போகாத மருந்தைப் போட்டா பாகு கட்டவே கட்டாது, லட்டு உதிரும், அதிரசம் எண்ணெயில பிரிஞ்சு போகும். கரண்டிக்குக் கரண்டி சமமாப் போடலாம் என்று டப்பாவில வர்ற தூளில நிரப்பியிருக்கிறது மால்டோடெக்ஸ்ட்ரின். ஒரு கோப்பை போட்டா 20 கிராமுக்கு மேல மாவுச்சத்து, பாகும் வராது. இந்த மூணுக்கும் உண்மையான பலகாரத்திலயே சின்னது ஒண்ணு, 30 கிராம் லட்டு, சாப்பிட்டுட்டு அன்றைக்கு ரொட்டியைக் குறைச்சிருங்க. 60 கிராம் மாவு போட்ட தேங்காய் ரொட்டி ஒண்ணில 43 கிராம் அளவில மாவுச்சத்து. அரை ரொட்டியை விட்டா லட்டுக்கு இடம் வந்திரும்.

பாயாசத்துக்கு மாத்திரை நல்லா ஒத்து வரும், ஆனா சவ்வரிசி வேணாம். சவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, சீனியே போடாவிட்டாலும் சுகர் ஏறும். பாசிப்பயறு 50 கிராம் வறுத்து, குழைய வேக வச்சு, பால் 500 மில்லி ஊத்திப் பத்து நிமிஷம் மெதுவாக் காய்ச்சுங்க. ஏலக்காய் மூணு, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு இல்லாட்டி மாத்திரையின் பின்ருசி முன்னுக்கு வரும். அடுப்பை நிப்பாட்டி ஐந்து நிமிஷம் ஆறினதும் 955 மாத்திரை 12ஐ ஒரு மேசைக்கரண்டி சுடுதண்ணியில கரைச்சு ஊத்துங்க. மாத்திரையை நேரடியாப் போட்டா ஒரு பக்கம் திகட்டும், மற்றப் பக்கம் சப்பென்று இருக்கும். முந்திரி ஐந்தாறு. ஐந்து பேருக்கு வரும், ஆளுக்கு 11 கிராம் அளவில மாவுச்சத்து. 12க்கு மேல போடாதீங்க, கூடினா இனிப்புக் கூடாது, கசப்புத்தான் தெரியும்.

பதுளை_பார்மசி

420ம் 965ம் பற்றிச் சொல்றேன் என்றேன். "சீனி இல்லாத" பிஸ்கட், சொக்லேட், இருமல் மிட்டாய் இதிலதான் வரும். மால்டிட்டோல் சுகரை ஏத்தும், சீனியை விடக் குறைவா, அவ்வளவுதான். பிஸ்கட்டில கோதுமை மாவும் இருக்கு, அதை யாரும் எடுக்கல்ல. இவை நாளைக்கு 20 கிராம் தாண்டினா பலருக்கு வயிறு ஊதும், வயித்தால போகும். புதுசா மெட்போமின் தொடங்கினவருக்கும் அதேதான் நடக்கும். இரண்டும் ஒரே வாரத்தில வந்தா மருந்தைக் குற்றம் சொல்லி நிப்பாட்டிருவாங்க. மருந்தை நிப்பாட்டாதீங்க, முதல்ல பிஸ்கட்டை நிப்பாட்டிப் பாருங்க.

பசறை_வாசகன்

2023ல உலக சுகாதார நிறுவனமே இனிப்புப் பொருட்கள் வேணாம் என்று வழிகாட்டல் போட்டதே? அப்போ மேல சொன்னதெல்லாம்?

போசணை_ஹட்டன்

அந்த வழிகாட்டல் 2023 மே மாசத்தது. உடம்பு நிறையைக் குறைக்க இவற்றைப் பயன்படுத்த வேணாம் என்று சொன்னது, அதுவும் நிபந்தனையோட. ஏற்கனவே சீனி வருத்தம் உள்ளவருக்கு இது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கு. தலைப்பை மட்டும் பகிர்ந்தவங்க அந்த வரியை விட்டுட்டாங்க.

ஆனால் பதுளை அண்ணனோட எனக்கு ஒரு இடத்தில ஒத்து வராது. 100 மாத்திரை வரை பாதுகாப்பு என்று அறிவித்தல்ல போட வேணாம். 2022ல இஸ்ரேலில 120 ஆரோக்கியமான ஆட்களை வச்சுச் செய்த ஆய்வில சக்கரினும் சுக்ரலோஸும் சிலருக்குக் குடல் நுண்ணுயிர்களை மாத்தி, குளுக்கோஸ் ஏறுற விதத்தையும் மாத்தினது. எல்லாருக்கும் இல்லை. நாக்கை இனிப்புக்குப் பழக்கியபடியே வச்சிருந்தா மாத்திரை தீர்ந்த நாள்ல கை சீனி டப்பாவுக்குத்தான் போகும். என் பார்வையில மாத்திரை ஒரு இடைக்காலப் படி. முதல் இரண்டு வாரம் குவிச்ச கரண்டியை மட்டமாக்குங்க. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரைக் கரண்டி குறைங்க. இரண்டு மட்டக் கரண்டியில இருந்து எட்டு வாரத்தில வெறும் பிளேன்டீக்கு வந்திரலாம். அதுக்குப் பொறுமை இல்லாதவர், சுகர் ரொம்பக் கூடி உடனே நிப்பாட்ட வேண்டியவர் மாத்திரைக்குப் போகட்டும், பிறகு மாத்திரையையும் அதே மாதிரிக் குறைக்கட்டும்.

பதுளை_பார்மசி

குறைக்கிறது நல்லது, நான் மறுக்கல்ல. ஆனா 65 வயசு ஐயாவிடம் போய் எட்டு வாரத் திட்டம் சொன்னா மூணாம் நாள் சீனிக்கே போயிருவார். அவர் நாளைக்கு ஆறு மாத்திரையில சந்தோஷமா இருந்தா, 60 கிராம் சீனி போறதை விட அது ஆயிரம் மடங்கு மேல். அவரை அப்படியே விடுங்க. அறிவித்தல்ல இரண்டு வழியையும் போடுங்க, யாருக்கு எது முடியுமோ அதை எடுக்கட்டும். 100 என்ற எண்ணைப் போட வேணாம் என்பதை ஏத்துக்கிறேன். "நாளைக்குப் பத்துக்குள்ள" என்று போடுங்க, எந்த மாத்திரைக்கும் அது சரி.

கொட்டகலை_கிளினிக்_மிஸ்

பத்துக்குள்ள என்பது சரி. யார் யார் விலகணும் என்பதையும் சேர்த்திருங்க.

கர்ப்பிணித் தாய்மார் சக்கரினைத் தொட வேணாம், அது தொப்புள் கொடி வழியாப் பிள்ளைக்குப் போகும். 951, 955 அளவோட சரி, ஆனா கிளினிக்கில சொல்லிட்டு எடுங்க. இரும்புச்சத்து மாத்திரை குடிக்கிற தாய் அந்த மாத்திரைக்கு முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரமாவது தேத்தண்ணி குடிக்கக் கூடாது, சீனி போட்டதோ போடாததோ. சாயம் இரும்பைப் பிடிச்சு வச்சிரும். இரத்தச்சோகை உள்ள தாய்மாருக்கு இது சீனியை விட அவசரமான விஷயம்.

சின்னப் பிள்ளைகளுக்கு டயட் பானம் பழக்க வேணாம், தண்ணியும் பாலும் போதும். சிறுநீரகம் பாதிச்சவருக்குக் கறுப்புக் கோலா, ஸீரோவா இருந்தாலும் வேணாம். 338 என்ற எண் பொஸ்பரிக் அமிலம், அந்த பொஸ்பரஸை வெளியேத்த முடியாத சிறுநீரகத்துக்கு அது பாரம். சீனி இல்லாட்டியும் அமிலம் பல்லை அரிக்கும். அதனால சாப்பாட்டோட குடிச்சு முடிங்க, மணிக்கணக்கா உறிஞ்சாதீங்க, குடிச்ச உடனே பல் தேய்க்காதீங்க. வாந்தி, வயித்தால போற நாள்ல டயட் பானம் பிரயோசனமில்ல, உப்பும் இல்ல, சக்தியும் இல்ல. ஜீவனி (வயித்தால போறப்போ குடுக்கிற உப்புச் சீனித் தூள்) பெக்கட்டை ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணியில கரைச்சுக் குடிக்கலாம், சீனி வருத்தக்காரரும்தான்.

கொத்து ரொட்டியோட ஸீரோ கோலா குடிச்சிட்டு "ஸீரோதானே குடிச்சேன், எப்படி 280 வந்தது" என்று கேட்கிறவங்களுக்கும் ஒரு வரி. ஏத்தினது கொத்து.

டிக்கோயா_கொழுந்து

ஒரு பானம் சுகரை ஏத்துதா என்று வீட்டில மீட்டர் உள்ளவங்க பார்த்துக்க முடியுமா?

கொட்டகலை_கிளினிக்_மிஸ்

முடியும் தங்கச்சி. சாப்பிட்டு மூணு மணி நேரமாவது ஆகியிருக்கணும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைங்க. விரல்ல சீனியோ பழச்சாறோ ஒட்டியிருந்தா மீட்டர் பொய்யாக் கூடக் காட்டும். ஒரு தடவை பாருங்க, பானத்தை மட்டும் குடிங்க, வேற எதுவும் சாப்பிடாம ஒரு மணி நேரத்தில பாருங்க. ஸ்ட்ரிப் இருந்தா இரண்டு மணி நேரத்திலயும். 15, 20 வித்தியாசத்தைப் பெரிசா எடுக்காதீங்க, மீட்டருக்கே அந்தத் தடுமாற்றம் உண்டு. 40, 50 ஏறினா அந்தப் பானத்தில சீனி இருக்கு. இன்சுலின், கிளிக்லசைட் எடுக்கிறவர் இதுக்காகச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடக் கூடாது.

நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவளைப் பக்கம் மார்கழி, தை விடியலில குளிரால மீட்டர் பிழை காட்டும். பல மீட்டர்கள் 10 பாகைக்குக் கீழ வேலை செய்யாது. ஸ்ட்ரிப் டப்பாவையும் மீட்டரையும் பத்து நிமிஷம் சட்டைக்குள்ள வச்சு, கையைச் சுடுதண்ணியில கழுவிட்டுப் பாருங்க. டப்பா மூடியை உடனே மூடுங்க, மழை ஈரம் பட்டா ஸ்ட்ரிப் கெடும்.

டிக்கோயா_கொழுந்து

சரி மிஸ். கடைசியா ஒண்ணு. மலைக்குப் போறவங்க சீனி இறங்கினா எடுக்க எதைக் கொண்டு போகணும்? போத்தல் தூக்கிட்டு ஏற முடியாது, கூடை இருக்கு.

கொட்டகலை_கிளினிக்_மிஸ்

மட்டமா நாலு தேக்கரண்டிச் சீனியைச் சின்னப் பொலித்தீன்ல போட்டு, காத்தை வெளியே தள்ளி, வாயை இறுக்க முடிஞ்சு, அதை இன்னொரு பொலித்தீனுக்குள்ள போடுங்க. மழைக்கு ஒரு உறை போதாது, கட்டியாகிடும். இப்படி இரண்டு முடிச்சு. கூடையில வேணாம், இடுப்பில சேலை முடிச்சிலயோ சட்டைப் பையிலயோ. நடுக்கம் வந்தா கூடையை இறக்கி, உட்கார்ந்து, ஒரு முடிச்சை வாயில கொட்டித் தண்ணியால விழுங்குங்க. உட்காராம இறங்கி நடக்க ஆரம்பிக்காதீங்க, சரிவில விழுவீங்க. மாத்திரை டப்பாவை அதே இடத்தில வைக்காதீங்க, பதட்டத்தில கை மாறும். பக்கத்து நிரையில கொழுந்தெடுக்கிறவருக்கும், கங்காணிக்கும் உங்க முடிச்சு எங்க இருக்கு என்று சொல்லி வையுங்க. பகலில ரொட்டியோட நாலு பிஸ்கட் கூட எடுத்துட்டுப் போங்க, முடிச்சைப் பிரிச்ச நாள்ல அது கட்டாயம் தேவைப்படும். அன்றைக்கு எந்த நேரம், என்ன சாப்பிட்டிருந்தீங்க, எந்த மருந்து என்று கிளினிக் கொப்பியில எழுதிட்டு வாங்க, அடுத்த கிளினிக்கில டொக்டர் மருந்தளவை அதை வச்சுத்தான் பார்ப்பார்.